மேல் பூச்சு

கார் விற்றுக் கொடுக்கும்படி ஒரு நாவலாசிரியனிடம் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் இரண்டே வகைதான். என்னை நன்றாகத் தெரியாதவர்கள் ஒரு வகை. என்னை விட்டால் வேறு ஆள் இல்லாதவர்கள் இன்னொரு வகை. என் அண்ணி இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

அண்ணா 2021-ஆம் வருஷம் காலமானார். அவர் விட்டுப் போனவற்றில் வேளச்சேரியில் ஒரு தனி வீடு, ஓர் அலமாரி நிறையச் சட்டப் புத்தகங்கள், 2011-ல் வாங்கிய வெள்ளி நிறச் சிறு கார் ஒன்று ஆகிய மூன்றும் முக்கியமானவை. வீட்டில் அண்ணி இருந்தார். புத்தகங்களில் கரையான் இருந்தது. காரில் யாரும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் நான் போய் இஞ்சினை ஓட்டிப் பார்த்து, தெருவை இரண்டு முறை சுற்றி வந்து, மறுபடியும் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வருவேன். அந்தக் காப்பிக்காகத்தான் கார் மூன்று வருஷம் விற்கப்படாமல் நின்றது என்று என் மனைவி சொல்லுவாள். அண்ணியின் காப்பியைக் குடித்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

2024 பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், அண்ணியின் படுக்கையறைக் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளையாகப் பகல் நேரம். அண்ணி சமையலறையில் இருந்தார். விழுந்தது தலையணையின் மேல். அண்ணாந்து பார்த்தால் கூரைக்குள் இருந்த கம்பிகள் தெரிந்தன. துருப்பிடித்து, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தன. இஞ்சினீயர் வந்தார், சுத்தியலால் அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தார், கூடத்துக்கும் சேர்த்து 1,60,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தம்பி, காரை வித்துடலாம்னு பார்க்கிறேன். ஒண்ணரை லட்சம் வருமா?" என்று கேட்டார் அண்ணி.

"தாராளமாக வரும், அண்ணி" என்றேன்.

எந்த ஆதாரத்தைக் கொண்டு அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் கதாபாத்திரங்களுக்குப் பணம் வேண்டியிருந்தால், அது வேண்டிய அத்தியாயத்தில் வந்துவிடும். அப்படியே பழகிவிட்ட வாய்.

அன்று சாயங்காலம்தான் அந்தக் காரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன், பார்த்ததில்லை. விற்கப் போகிறவன் பார்க்கும் பார்வை வேறு. இஞ்சின் நன்றாக இருந்தது. கதவுகள் சுமார். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் மேலே குடை பிடித்தாற்போல் தகடு வளைந்து இறங்குகிறதல்லவா, அந்த வளைவுகளைக் கண்டதும் என் ஒன்றரை லட்சம் ஒரு லட்சமாகச் சரிந்துவிட்டது.

முன் சக்கர வளைவுகளில் பொடிக் கற்கள் தெறித்துத் தெறித்து அம்மைத் தழும்பு விழுந்திருந்தது. வெயிலில் மேல் பளபளப்பு வெளுத்து உரிந்திருந்தது. பின் சக்கர வளைவுகளின் கதை வேறு. அங்கே வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். பொரித்த அப்பளம் போல் நொறுங்கியது. உள்ளே செம்பழுப்புத் தூள். விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மறுபக்கம் போய்விடும் போலிருந்தது. பயந்து எடுத்துக்கொண்டேன்.

மோட்டார் காரின் மேல் நாம் காணும் வர்ணம் ஒரே பூச்சு என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பொதுவாக நான்கு பூச்சுக்கள். தகட்டை ஒட்டினாற்போல், மின்சாரத் தொட்டியில் முக்கி ஏற்றிய காப்புப் பூச்சு. அதன் மேல் மேடு பள்ளங்களை நிரவுகிற ப்ரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ். நான்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு கனம்தான். லட்சக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குகிற வாகனத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருப்பது அவ்வளவே. சக்கரம் எறிகிற ஒரு கல் அதில் ஊசி முனையளவு துவாரம் செய்தால் போதும். தண்ணீரும் காற்றும் அந்த வழியாக இரும்பைத் தேடிக்கொண்டு போய்விடும்.

துருவுக்கு ஒரு குணம் உண்டு. எந்த இரும்பைத் தின்று பிறந்ததோ அந்த இரும்பைவிட அதற்கு இடம் அதிகம் வேண்டும். அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே இருப்பதை நெம்பித் தள்ளும். காரில் அது வர்ணத்தைத் தள்ளினால் கொப்புளம் என்கிறோம். வீட்டில் காரையைத் தள்ளினால் கூரை விழுந்தது என்கிறோம். இரண்டும் ஒரே சங்கதி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் ஏற்பட்டிராது.

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டிக் காத்தார்கள். கடைசியில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதி துருவினால் தளர்ந்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தும்படி ஆயிற்று. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அண்ணாவின் காருக்கு உப்புக் காற்றோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 2015 டிசம்பர் மாத வெள்ளத்தில் அது இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு அண்ணா உள்ளே இருந்ததையெல்லாம் வெயிலில் காயவைத்தார். இஞ்சினைக் கழுவிச் சுத்தம் செய்யச் சொன்னார். பின் வளைவின் விளிம்பில் தகடு உட்பக்கமாக மடங்கியிருக்கிறது. அந்த மடிப்புக்குள் தங்கிய சேற்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது நனைந்து, அடுத்த மழை வரும் வரையில் ஈரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. கற்கள் வெளியிலிருந்து செய்ததைவிடச் சேறு உள்ளேயிருந்து செய்தது அதிகம்.

முதலில் ஒரு டிங்கரிடம் கொண்டுபோனேன். எழுபது வயதுப் பெரியவர். அவர் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டைத் தட்டினார். வைத்தியர் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல் காது கொடுத்துக் கேட்டார்.

"பின்னாடி ரெண்டும் அழுகிப் போச்சு, சார். வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெல்டிங் பண்ணணும். பெயிண்டோட சேர்த்துப் பதினெட்டாயிரம் ஆகும். முன்னாடி பரவாயில்லை, தகடு நல்லா இருக்கு."

பதினெட்டாயிரம்! விற்கப்போகிற காருக்கு! நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு வருகிறவன் திரும்பி வரமாட்டான் என்பது பெரியவருக்குத் தெரியும். அவர் அதற்குள் அடுத்த வண்டியின் கீழே படுத்துவிட்டார்.

பிறகு நான் போன இடம் ஜெனரல் பீட்டர்ஸ் சாலைப் பக்கம் உள்ள ஒரு ஸ்டிக்கர் கடை. காருக்குச் சட்டை தைத்துப் போடுகிறவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். வினைல் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சுருள் சுருளாக வைத்திருக்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, மயில் கழுத்து நிறம், வைரப்பொடி தூவினாற்போல் மின்னுகிற நிறம்; எல்லாம் உண்டு. முழுக் காரையும் மூடலாம். வேண்டிய இடத்தை மட்டும் மூடலாம். கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முழுவதும் நீலமாக ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். ஆர்.சி.யில் 'வெள்ளி' என்று எழுதியிருக்கும்போது நீல நிறத்தில் ஓட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடக்க வேண்டிவரும் என்று பையன் சொன்னான். சக்கர வளைவுகளுக்கு மட்டும் மங்கல் கறுப்பில் பட்டை ஒட்டினால் கம்பெனியிலேயே வந்த அலங்காரம்போல் இருக்கும் என்றும் சொன்னான்.

இந்த வினைலுக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. 1926-ல் அமெரிக்காவில் வால்டோ ஸெமன் என்ற ரஸாயன நிபுணர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் பயன்படாமல் கிடந்த ஒரு முரட்டுப் பொருளை எண்ணெய் போன்ற திரவத்தில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார். பசை கிடைக்கவில்லை, வளைகிற, நீளுகிற, தண்ணீர் புகாத ஒரு வஸ்து கிடைத்தது. மழைக்கோட்டு, மின்சாரக் கம்பியின் உறை, செருப்பின் அடி, இசைத்தட்டு என்று அது உலகத்தையே சுற்றிக்கொண்டுவிட்டது. எதிலும் ஒட்டாமல் பிறந்த அந்த வஸ்துவுக்குப் பின்புறம் பசை தடவி இன்று காரில் ஒட்டுகிறார்கள்.

"இதில் ரெண்டு தினுசு இருக்கு, சார்" என்றான் பையன். ஒன்று, உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தேய்த்த படலம். மற்றொன்று, திரவமாக ஊற்றி உலரவைத்த படலம். முதலாவது மலிவு, ஆனால் வளைவில் ஒட்டினால் நாளடைவில் சுருங்கி விளிம்பில் தூக்கிக்கொள்ளும். நான் விழிப்பதைக் கண்டு, "சப்பாத்தி மாவைத் தேய்ச்சா அது பழையபடி சுருங்கப் பார்க்கும் இல்லையா? தோசை மாவை ஊத்தினா ஊத்தினபடி இருக்கும் இல்லையா? அதுதான் சார் வித்தியாசம்" என்றான். இவ்வளவு தெளிவாக விஷயத்தைச் சொல்லுகிறவர்கள் என் தொழிலில் அதிகம் இல்லை. தோசையையே ஒட்டச் சொன்னேன்.

பிறகு பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். எழுந்தபோது அவன் முகத்தில் உற்சாகம் குறைந்திருந்தது.

"முன்னாடி ரெண்டும் ஒட்டலாம், சார். கல் பட்ட இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ப்ரைமர் அடிச்சுப் பெயிண்ட் வச்சு, சமமானதும் ஒட்டினா நல்லா நிற்கும். இனிமே கல் பட்டாலும் தாங்கும். ஆனா பின்னாடி வேண்டாம். ஸ்டிக்கர் பெயிண்டைத்தான் பிடிச்சுக்கும், துருவைப் பிடிச்சுக்காது. ஈரம் உள்ளே மாட்டிக்கிட்டா வெளியே வர வழியும் இருக்காது. மேலே பளபளன்னு இருக்கும், கீழே தின்னுக்கிட்டே இருக்கும்."

"எத்தனை நாளைக்கு நிற்கும்?"

"ஒரு மழை தாங்கலாம்."

மார்ச் மாதம் நடந்துகொண்டிருந்தது. மழைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. ஒரு மழை தாங்கினால் போதும் என்று நினைத்தேன். 'யாருக்குப் போதும்?' என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் என் மனசு எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்காக ஒரு பைசா மறைத்தால் அது மோசடி. ஆனால் இந்தப் பணம் எனக்கா வரப்போகிறது? கூரை பெயர்ந்து விழுகிற வீட்டில் தனியாகப் படுத்திருக்கிற அண்ணிக்கு. வாங்கப்போகிறவனோ, கார் வாங்க வசதி உள்ளவன். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! அந்தப் பதினெட்டாயிரத்தை நான் போட்டு டிங்கர் வேலையைச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிற்பாடு நானும் கேட்டுக்கொண்டேன். அன்று மட்டும் அந்த யோசனை என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறர் நன்மைக்காகச் செய்யும் தவறில் இது ஒரு சௌகரியம். நம் பையில் கை வைக்க வேண்டியதில்லை.

பக்கத்துக் கடைப் பெயிண்டர் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு பின் வளைவுகளில் கொப்புளங்களை மேலோடு சுரண்டி, பட்டி வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்துக் கொடுத்தான். அடுத்த நாள் பையன் ஒட்டினான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய வேலைதான். சோப்பு நீரால் கழுவினான். பிறகு ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தான். விரல் எண்ணெய் பட்டால்கூடப் பசை பிடிக்காதாம். படலத்தை இரண்டு விரற்கடை கூடுதலாக வெட்டி, பின் காகிதத்தை உரித்து, இழுக்காமல் மெள்ளப் படியவிட்டான். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டைக் கரண்டி போன்ற ஒன்றால் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்றினான். வளைவு வந்ததும் சூடான காற்று அடிக்கிற ஹீட் கன்னைக் காட்டினான். படலம் குழைந்து தகட்டோடு தகடாக ஒண்டிக்கொண்டது. விளிம்பை உட்பக்கம் மடித்து, மிச்சத்தைப் பிளேடால் நறுக்கினான். எல்லாம் முடிந்த பிறகு, ஓரங்களை மறுபடியும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கினான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"படலத்துக்குத் தன்னோட பழைய உருவம் ஞாபகம் இருக்கும், சார். இப்படிச் சூடு காட்டினா மறந்துடும். இல்லாட்டி ஓரத்தில் தூக்கும்."

நான்கு வளைவுகளுக்கும் 3,200 ரூபாய் கொடுத்தேன். பணத்தை எண்ணிக்கொண்டே அவன், "முன்னாடி ரெண்டும் வேலை, சார். பின்னாடி ரெண்டும் மேக்கப்பு" என்றான். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. கணக்குச் சொல்லுகிற தொனி. அதுதான் உறுத்தியது.

ஆனால் கார் என்னவோ பிரமாதமாக இருந்தது. வெள்ளியும் கறுப்புமாகப் பத்து வயது குறைந்துவிட்டது. அண்ணி வாசலில் நின்று பார்த்து, "அட, நம்ம வண்டியா! எதுக்குத் தம்பி இந்தக் கறுப்பு?" என்றார். துருவை மறைக்க என்று சொன்னேன். அண்ணியிடம் பொய் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் இளைஞர் கார் பார்க்க வந்தார். தாம்பரத்தில் வீடு, ஏதோ கம்பெனியில் கணக்கு உத்தியோகம். கூடவே அவருடைய தாயார். அந்த அம்மாளுக்கு முழங்காலில் வலி. பஸ் படி ஏற முடியவில்லை. மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேண்டும். அதற்காகத்தான் கார். மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் என்று தாயார் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். 'கார் வாங்க வசதி உள்ளவன்' என்ற என் வாதத்துக்கு அங்கேயே ஒரு கால் ஒடிந்தது.

இளைஞர் கெட்டிக்காரர். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி கனமாக வைத்த இடத்தில் ஒட்டாது. வினைல் மெல்லியது, அது காந்தத்தைத் தடுக்காது. முன் வளைவில் வைத்தார், 'டக்'கென்று ஒட்டியது. கதவில் வைத்தார், ஒட்டியது. பின் கதவில் வைத்தார்; ஒட்டியது. அடுத்தது பின் சக்கரம்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கால்கள் என்னைக் கேட்காமலே நாலடி நடந்து பின் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டன. "இஞ்சினைக் கேட்டுப் பாருங்களேன்! சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடும்" என்றது என் வாய். இளைஞர் மரியாதை தெரிந்தவர். வயதானவன் கூப்பிடுகிறானே என்று காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டார். இஞ்சினைக் கேட்டார். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். 1,50,000 என்று பேசி முடித்தோம். முன்பணமாக 5,000 ரூபாயை எடுத்து எண்ணினார்.

அண்ணி காப்பியோடு வந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு டம்ளர், இளைஞருக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். பிறகு தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யாரிடமோ விலாசம் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"பணத்தை எண்ணறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுக்கோங்க, தம்பி. இது 2015 வெள்ளத்திலே ரெண்டு நாள் நின்ன வண்டி. பின் சக்கரத்துக்கு மேலே தகடு துருப்பிடிச்சு அழுகியிருக்கு. அது தெரியாம இருக்கத்தான் இந்தக் கறுப்பு ஒட்டியிருக்கு. சரி பண்ணப் பதினெட்டாயிரம் ஆகும்னு டிங்கர் சொன்னாராம். பார்த்துட்டு, வேணும்னா வாங்குங்க."

தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் போகும் வரையில் யாரும் பேசவில்லை. இளைஞர் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார். என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை.

அவர் பின் சக்கரத்தண்டை போய்க் காந்தத்தை வைத்தார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு, தாயாரோடு ஐந்து நிமிஷம் தாழ்ந்த குரலில் பேசினார். திரும்பி வந்து, அந்தப் பதினெட்டாயிரத்தைக் குறைத்துக்கொண்டு 1,32,000-க்குத் தருகிறீர்களா என்று அண்ணியைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அண்ணி சரி என்றார்.

அவர்கள் போன பிறகு, "என்ன அண்ணி இப்படிச் செய்துவிட்டீர்கள்? உங்களுக்காகத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்காகத்தான். தெரியும் தம்பி" என்றார் அண்ணி. "உள்ளே வாங்க" என்று படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் கூரையைக் காட்டினார். "இது முதல் தடவை விழலை. போன வருஷமே இதே இடத்தில் கொஞ்சம் விழுந்தது. உங்ககிட்டே சொல்லலை. கொத்தனார் ஒருத்தர் வந்து பூசி, வெள்ளையும் அடிச்சுக் கொடுத்தார். கம்பியைச் சுரண்டலை, துருவை எடுக்கலை. மேலே அழகா மூடிட்டுப் போயிட்டார். நானும் சரியாயிட்டுதுன்னு நினைச்சு அதுக்குக் கீழேயே எட்டு மாசம் படுத்துத் தூங்கினேன்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அந்த அம்மா அந்த வண்டியிலே பின்னாடி சீட்டிலேதானே உட்காருவாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பேனா பிடித்து முப்பது வருஷம் ஆகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

கூரை வேலைக்குக் குறைந்த 28,000 ரூபாயை நான் கொடுத்தேன். அண்ணி சும்மா வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். கடனாக வாங்கிக்கொண்டு, மாதம் 2,000 வீதம் 14 மாதங்களில் கட்டித் தீர்த்துவிட்டார். கூரை வேலையையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யச் சொன்னார். தளர்ந்த காரையையெல்லாம் தட்டி உதிர்த்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை தெரியத் தேய்த்து, துருக்காப்புப் பூச்சுக் கொடுத்து, அதன் பிறகே கலவை பூச விட்டார். மேஸ்திரிக்கு அண்ணியைக் கண்டால் பயம் என்று கேள்வி.

என் விஷயத்தில் அந்தச் சம்பவம் வேறு விதமாக வேலை செய்தது. என் பழைய நாவல் ஒன்று மறுபதிப்புக்குப் போக இருந்தது. அதில் கதாநாயகன் வீட்டை விட்டுப் போகிற அத்தியாயத்தில் பதினொரு பக்கத்துக்கு மழை பெய்யும். வாசகர்கள் பலர் அந்த மழையைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவன் ஏன் போகிறான் என்பது எழுதியபோது எனக்கே தெரியவில்லை. அதனால்தான் அவ்வளவு மழை. அது எனக்கு மட்டும் தெரிந்த பட்டி. மறுபதிப்பில் அந்தப் பதினொரு பக்கத்தை எடுத்துவிட்டு, அவன் போகிற காரணத்தை இரண்டு பக்கத்தில் எழுதினேன். மழை எங்கே என்று கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன.

2024 தீபாவளிக்கு மறுநாள் நான் அண்ணி வீட்டில் இருந்தபோது வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. இளைஞரும் தாயாரும் பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பெண்மணிகளும் ரொம்ப நாள் பழகியவர்கள்போல் உள்ளே போய்விட்டார்கள். நான் வேறு வேலை இல்லாதவன்போல் காரைச் சுற்றி வந்தேன். பின் சக்கர வளைவுகளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே அதே மங்கல் கறுப்புப் பட்டை, முன்பு இருந்தது போலவே இருந்தது.

இளைஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பழையதை உரிச்சு எடுத்துட்டேன், சார். அழுகின தகட்டை வெட்டிப் புதுசு வெல்டிங் பண்ணி, பெயிண்ட் அடிச்சு, ஒரு மாசம் நல்லாக் காயவிட்டேன். உள்பக்க மடிப்பையும் சுத்தம் பண்ணியாச்சு. வெள்ளியாகவே விட்டுடலாம்னுதான் இருந்தேன். முன்னாடி கறுப்பு, பின்னாடி இல்லைன்னா நல்லா இல்லைன்னு அம்மா சொன்னாங்க. அதனால அதே கடையிலே ஒட்டிட்டு வந்தேன்."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கேலியா, மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டு குனிந்து, பின் சக்கரத்துக்கு மேலே கறுப்பின்மேல் வைத்தேன்.

'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.